இரண்டாவது குழாய்

முதலில் வந்தது ஒரு கண் சொட்டு மருந்து. கேட்காமல், வில்லாபுரம் விலாசத்துக்கு, ஸ்ரீலட்சுமி என்று முழுப்பெயர் போட்டு வந்தது. அவளுக்கோ கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிற கண். "கண்ணுல என்னக்கா?" என்று கேட்டுக்கொண்டே கூரியர்காரர் முத்திருளன் கையெழுத்து வாங்கினார். ஒன்றுமில்லை என்றாள். பத்தாம் நாள் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கப் போனவளுக்குக் கிழமை தெரிந்தது, தேதி இருந்த இடத்தில் மட்டும் புகை மாதிரி ஏதோ நின்றது.

கணவன் ஸ்ரீநாத் சிரித்தான். "ஓசியில வந்ததை ஊத்திக்கோயேன். இதுக்கா இம்புட்டு யோசனை?"

அடுத்து வந்தது ஒரு கரண்டி. கை நடுங்குகிறவர்கள் பிடித்துச் சாப்பிடுவதற்காகக் காம்பு தடியாகச் செய்தது. அந்த வெள்ளிக்கிழமையே காபி டம்ளர் அவள் கையில் கிடுகிடுவென்று ஆடி, சூடான காபி புறங்கையில் வழிந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. ஆடி மாதம் சௌராஷ்டிரச் சனங்களுக்கென்றே ஏதோ ஒரு வெளியூர்க் கம்பெனி அங்கே முகாம் போட்டது. சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் போதும், முன்னோர்கள் குஜராத்தில் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்தார்கள் என்று சொல்லிவிடுவார்களாம். நூற்றாண்டுக் கதைகளை ஒரு வாய் எச்சிலில் தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? அவளுடைய அண்ணன் துப்பினார், தங்கை துப்பினாள், அவளும் துப்பினாள். பாரத்தில் கேட்டிருந்தது பெயரும் விலாசமும்தான். பெண்ணுக்கு வரன் தேடுகிறவள் அத்தோடு விடுவாளா? ஜாதகம் அனுப்புகிற பழக்கத்தில் வீட்டுப்பெயர், கோத்திரம், மகள் காவ்யஸ்ரீயின் நட்சத்திரம், பிறந்த நேரம் எல்லாவற்றையும் ஓரத்தில் நெருக்கி எழுதினாள். சொந்தத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொள்கிற சனம் என்பதால் ரத்தப் பொருத்தமும் பார்த்துத் தருவோம் என்றார்கள். உடனே இரண்டாவது குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். பல் டாக்டர் கேட்டதாகப் பொய் சொல்லி மகளையும் துப்ப வைத்தாள். அந்தப் பொய்தான் இப்போது நெஞ்சில் கிடந்து அறுத்தது.

முகாமில் கொடுத்த ரசீதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். தமிழில்தான் கேட்டாள். மறுமுனையில் ஒரு பெண், அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற சௌராஷ்டிரத்தில் பதில் சொன்னாள். வெளியாள் யாரும் படித்துத் தெரிந்துகொள்கிற பேச்சில்லை அது.

"எங்க பேரை அழிச்சிடுங்கம்மா."

"அழிக்கலாமே. ஆனா உங்க அண்ணன் குடுத்திருக்காரு, தங்கச்சி குடுத்திருக்காங்க. அவங்களுக்குள்ளயும் நீங்க இருக்கீங்க. எங்கேயிருந்துன்னு உங்களை அழிக்கிறது?"

"என் பொண்ணோடதையாவது..."

தாள் புரள்கிற சத்தம். "காவ்யஸ்ரீ. அதை அப்பவே குடுத்தாச்சு."

"யாருக்கு?"

"கேட்டவங்களுக்கு."

அதன்பிறகு தெருவில் எந்த வண்டி நின்றாலும் ஸ்ரீலட்சுமிக்கு உயிர் போய் உயிர் வந்தது. மகள் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் திரும்புகிற வரை வாசலிலேயே நின்றாள். சாப்பிட்டாயா, தலை வலிக்கிறதா, நகத்தைக் காட்டு என்று நச்சரித்தாள். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. மகள் பேருக்குப் பார்சல் ஏதாவது வந்ததா என்று தினமும் விசாரித்தவளிடம், மூன்று வாரம் கழித்து முத்திருளனே சொன்னார். "பாப்பா பேருக்கு ஒண்ணுமே வரலக்கா. பயப்படாம இருங்க." அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஐப்பசியில் நல்லநாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மதியம் மூன்று மணிக்கு. வழக்கம்போல இரண்டு மணிக்கே கரண்ட் போய்விட்டது. அவர்களை அழைத்துவர ஸ்ரீநாத் மெயின் ரோட்டுக்குப் போயிருந்தான். தெருப்புழுதிக்குச் சாத்திய ஜன்னல்களால் கூடம் மங்கிக்கிடக்க, கேசரியின் நெய் வாசனையும் மல்லிகையும் வியர்வையும் ஒன்றாகக் கலந்து மூச்சை அடைக்க, உள்ளறையில் மகள் புடவை மடிப்பை நீவுகிற சரசரப்பைக் கேட்டுக்கொண்டே அவள் நாற்காலிகளைத் துடைத்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது.

சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள்.

வெள்ளை வேன். இரண்டு ஆட்கள். பின்கதவைத் திறந்து, கண்ணாடி மூடி போட்ட நீளமான ஐஸ்பெட்டியை இறக்கினார்கள். பிணத்தை வைக்கிற பெட்டி.

"வீடு மாறி வந்துட்டீங்க," என்றாள்.

"காவ்யஸ்ரீ வீடுதானேக்கா?" இருவரில் மூத்தவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"இங்க யாரும் சாகல!"

"தெரியும்க்கா. கொஞ்சம் முன்னாடியே போய் இருக்கச் சொன்னாங்க."

இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தாள். அவர்கள் அவளைத் தள்ளவில்லை. பெட்டியைச் சாய்த்து, பக்குவமாக, அவள் கைக்குக் கீழே நுழைத்துவிட்டார்கள். கூடத்தின் நடுவில் வைத்தார்கள். பிளக்கைச் சொருகினார்கள். கரண்ட் இல்லையே, கரண்ட் இல்லையே என்று அவள் மனம் அதையே பிடித்துக்கொண்டது.

மின்விசிறி மெல்லச் சுற்றியது. பெட்டி உறுமியது.

இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, துடைத்து வைத்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"அம்மா, வந்துட்டாங்களா?"

வராதே. கத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினாள். காற்றுதான் வந்தது.

கதவு திறந்தது. கொலுசுச் சத்தம். சொல்லிக்கொடுத்தபடியே காவ்யஸ்ரீ தலை நிமிராமல் வந்தாள். தரையைப் பார்த்தபடியே நாலு எட்டு வைத்தாள். உட்கார்ந்திருந்தவர்களின் காலடியில் முட்டி போட்டு, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டாள்.

மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் கண்ணாடி மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

காவ்யஸ்ரீ இன்னும் எழுந்திருக்கவில்லை.