எழுவாய் இல்லாத கட்டடம்

சாட்சிக் கூண்டில் ஒரு தூண் துண்டு நின்றது. இருபதாம் மாடியிலிருந்து அறுத்தெடுத்து, நான்கு பேர் தூக்கிவந்து வைத்திருந்தார்கள்.

செவிக்கல் கலக்காமல் இப்போது ஒரு கழிப்பறைகூடக் கட்ட முடியாது. கடுகளவு குருணைகள்தான், ஆனால் கான்கிரீட்டோடு இறுகியபின் சுற்றிலும் பேசுவதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். விபத்து நடந்தால் தூணை அறுத்துப் ‘பொறுப்பறி’ என்ற கருவியோடு இணைப்பார்கள். அது கேட்டுவிட்டுக் குற்றவாளியைச் சொல்லும். முன்பெல்லாம் முதலாளி பொறியாளரைக் கைகாட்டுவார், பொறியாளர் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுவார், வழக்கு இருபது வருஷம் இழுக்கும். அந்தக் கூத்தை ஒழித்த விதியை எழுதியவர்களில் பாதுகாப்பு அதிகாரி தமயந்தியும் ஒருத்தி. ‘நான்’ என்று சொல்லி ஒரு வேலையை ஏற்பவரே அதற்குப் பொறுப்பு. எவ்வளவு சுத்தமான விதி என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

இன்று அவளே குற்றவாளிக் கூண்டில், முதலாளி சிதம்பரநாதனோடு நின்றாள். சாரம் சரிந்து மேஸ்திரி இசக்கிமுத்து செத்துப்போயிருந்தார். தமயந்திக்குப் பயமில்லை. அவள் எச்சரித்ததைத் தூண் கேட்டிருக்கும். மாட்டப்போவது பக்கத்தில் நிற்கும் ஆள்தான்.

தூண் பேசியது.

"சார், சாரத்துல கம்பியப் பிடிக்கிற கவ்வியெல்லாம் துரு. மாத்தாம ஆள் ஏத்தக்கூடாது." தமயந்தியின் குரல்.

"பாத்துக்கலாம்மா. மொதல்ல ஸ்லாப் முடியட்டும்." முதலாளியின் குரல்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு இசக்கிமுத்து, அதே திருநெல்வேலிப் பேச்சு: "மொகமெல்லாம் வாடிக் கெடக்கு மேடம். வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

பொறுப்பறி உடனே தீர்ப்பைப் படித்தது. "‘பாத்துக்கலாம்’: எழுவாய் இல்லை. பொறுப்பு ஏற்கப்படவில்லை. ‘ஏத்தக்கூடாது’: எழுவாய் இல்லை. ‘நான் பாத்துக்கிடுதேன்’: எழுவாய் உண்டு. குற்றவாளி இசக்கிமுத்து."

தமயந்திக்குக் காது அடைத்துக்கொண்டது. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நீதிபதியைப் பார்த்தாள். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சிதம்பரநாதன் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"செத்தவுகதான் குத்தவாளியா?" இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். "மேடம், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு ஆறுதலாத்தான அவுக அப்படிச் சொன்னாக?"

நான்தான் அவரை விட்டுவிட்டுப் போனேன் என்று சொல்ல வேண்டும். தமயந்தி வாயைத் திறந்தாள். பொறுப்பறியின் விளக்கு அவள் பக்கம் திரும்பியது. வாயை மூடிக்கொண்டாள். என்ன ஜென்மம் நான் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை வேலைத்தளத்துக்குப் போனாள். தீர்ப்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"கவ்வி மாத்தினது யாரு?"

"மாத்தியாச்சு மேடம்."

"அதான், யாரு?"

"மாத்தியாச்சு மேடம்." அங்கிருந்த தொழிலாளர்கள் நாற்பது பேரும் மரியாதையாகச் சொன்னார்கள்.

தூக்குக் கூண்டில் ஏறி மேலே போனாள். பன்னிரண்டாம் மாடி தாண்டியதும் கூண்டு ஒரு குலுக்கு குலுங்கிச் சாய்ந்து நின்றது. கூண்டைத் தாங்கும் இரண்டு வடங்களில் ஒன்றைச் சரியாகப் பூட்டவில்லை. எது என்று தெரிந்தால் மற்றதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம். அது பூட்டியவருக்குத்தான் தெரியும்.

"யாருப்பா பூட்டினது? இடதா, வலதா? சீக்கிரம் சொல்லுங்க!"

பன்னிரண்டாம் மாடியில் ஓடிவந்து நின்றவர்கள் தூண்களைப் பார்த்தார்கள். ஒருவனுக்குக் கண் கலங்கியிருந்தது. உதட்டை இறுகக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டும் பூட்டியாச்சு மேடம்," என்றது ஒரு குரல்.

கூண்டு இன்னும் ஒரு சாண் சரிந்தது.

"ஐயோ, உங்க மேல ஒண்ணும் வராதுப்பா! இந்தக் கூண்டுக்கு நான் பொறுப்பு! எல்லாத்தையும் நான் ஏத்துக்கறேன்! எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க!"

கண் கலங்கியிருந்தவன் பெருமூச்சு விட்டு, "வலது பக்கம் வந்துருங்க மேடம்," என்று கத்தினான். அவன் சொல்லி முடிப்பதற்குள் இடது வடம் கழன்று கூண்டு கவிழ்ந்தது.

அந்த வழக்குக்கு நீதிமன்றத்தில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.