ஒரு வரி பதில் போடுங்க

“நீங்க ஆளுதானுங்களா?” என்ற கேள்விக்கு அன்று காலையிலிருந்து பதினேழு பேர் ‘ஆமாங்க’ என்று பதில் எழுதியிருந்தார்கள். பதினெட்டாவது பதில் ‘இல்லீங்க’ என்றிருந்தது.

நயீம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். ‘இல்லீங்க’ என்றுதான் இருந்தது. மரியாதையில் குறை சொல்ல முடியாது.

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு மாடியில் பச்சமுத்துவின் லாரி ஆபீஸ். அதன் மெயில் பெட்டிக்கு நாளொன்றுக்கு நானூறு குப்பைக் கடிதம் வரும். ஆயுளில் லாட்டரிச் சீட்டே வாங்காத பச்சமுத்துவுக்கு வாரம் மூன்று பரிசு விழும். எங்கோ ஒரு விதவை ராணி தன் தங்கச் சுரங்கத்துக்கு அவரைத்தான் நம்பியிருந்தாள். போன மாதம் சிமென்ட் ஆலையின் லோடு கடிதம் ஒன்று இப்படிப்பட்ட ராணிகளுக்கு அடியில் மூழ்கிப்போனது. இன்று அதே ஆலையின் வருஷ ஒப்பந்தக் கடிதம் வர வேண்டும். ஆறு மணிக்குள் ஒப்புதல் போகாவிட்டால் இருபத்திரண்டு லாரியும் நிற்கும், கம்ப்யூட்டர் பார்க்கும் நயீமின் வேலையும் போகும். பச்சமுத்து இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

ஆகவே வாடகை சர்வரில் நயீம் ஒரு காவல் போட்டான். புதிதாக எழுதுகிறவரின் கடிதத்தைச் சர்வர் பிடித்து வைத்துக்கொண்டு, தானாக ஒரு கேள்வி அனுப்பும். பதில் வந்தால்தான் கடிதம் உள்ளே வரும். குப்பை அனுப்பும் இயந்திரங்கள் பதில் போடுவதில்லை. கேள்வியின் வாசகத்தில்தான் பச்சமுத்து தலையிட்டார்.

“ஊட்டுக்கு வாரவங்கள வாசல்லயே நிறுத்தி வெரட்டறதுங்களா பாய்? நல்ல வார்த்தையாக் கேளுங்க.” அவர் சொல்லச் சொல்ல நயீம் அடித்தான்: “வணக்கமுங்க. நீங்க ஆளுதானுங்களா? ஒரு வரி பதில் போட்டுட்டு உள்ள வாங்க. இது உங்க ஊடு மாதிரி. என்ன வேணுமோ கூச்சப்படாம எடுத்துக்குங்க.”

“கடைசி வரி எதுக்குங்க?”

“ஒரு பேச்சுக்குத்தானுங்க. கீழ உங்க பேரையே போட்டுடுங்க பாய். தப்பாப் போச்சுன்னா நான் திட்டு வாங்க முடியாது பாருங்க.”

பதிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சர்வர் படிப்பதில்லை. ஒரு வரி வந்தால் போதும். ‘இல்லீங்க’வும் ஒரு வரிதான்.

உள்ளே வந்த கடிதம் வெறுமையாக இருந்தது. அனுப்பியவர் பெயரில்லை, முகவரியில்லை. அழித்தான். அனுமதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் பதினெட்டாவதாக ஒரு வெற்று வரி இருந்தது. அதை நீக்கிவிட்டுப் பக்கத்தைத் திறந்தால் மறுபடி இருந்தது. ஏழு தடவை நீக்கினான். எட்டாவது தடவை மேஜையைக் குத்தினான். கை வலித்ததுதான் மிச்சம்.

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கிடத்தியிருந்தது; கீழே லாரிகளின் பிரேக் பெருமூச்சு, டீசல் வாடை, பஞ்சர் கடையில் வேகும் ரப்பர், அத்தனைக்கும் அடியில், வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததுபோல ஒரு குளிர்ந்த மண்வாடை. அது கம்ப்யூட்டரின் காற்றுத் துளையிலிருந்து வந்தது. நயீம் குனிந்து முகத்தை வைத்தான். காற்று ஒரு தடவை உள்ளே போயிற்று, யாரோ முகர்வதுபோல.

சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டான். இருபத்தாறு நிமிஷம் புல்லாங்குழல் வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

“சார்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. அதத்தானே சொல்லிட்டிருக்கேன்.”

“சார்?” பக்கத்தில் யாரிடமோ திரும்பினாள். “யாரும் பேசல ஜோதி. மூச்சு மட்டும் கேக்குது. ரெண்டு பேரோட மூச்சு.”

வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு டீக்கடை சடையன் வந்தபோது, நயீம் சுவரோரம் நின்று மோடத்தின் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். சடையன் மேஜையில் டம்ளரை வைத்தான். “சக்கரை போடலீங்க பாய், நீங்க சொன்னாப்புலயே” என்றான், காலி நாற்காலியைப் பார்த்து.

“நான் இங்க இருக்கேன் சடையா.”

சடையன் திரும்பவில்லை. நயீமுக்குச் சர்க்கரை மூன்று ஸ்பூன் வேண்டும்.

வயரைத் திரும்பச் செருகினான். சோதித்துப் பார்க்கத் தன் போனிலிருந்து ஆபீஸுக்கு ஒரு கடிதம் அனுப்பினான். உடனே கேள்வி வந்தது. நீங்க ஆளுதானுங்களா? கீழே அவன் பெயர்.

‘ஆமாங்க’ என்று போட்டான்.

ஏற்கப்படவில்லை, என்று வந்தது. அப்படி ஒரு வாசகத்தை அவன் எழுதி வைக்கவே இல்லை.

ஆமாங்க. ஏற்கப்படவில்லை.

நான்தாங்க. ஏற்கப்படவில்லை.

ஐந்து இருபதுக்கு ஆலையின் கடிதம் வந்து விழுந்தது. நயீம் நாற்காலிக்கு ஓடினான். அவன் தொடுமுன் நாற்காலி ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. பாரம் ஏறியதுபோல. கீபோர்டின் விசைகள் இறங்கின. ஒவ்வொன்றாக. பிறகு வேகமாக. ஒப்புதல் போய்விட்டது. பிழையில்லாமல். அவன் எழுதுவதைவிட நன்றாக.

பச்சமுத்து சிரித்தபடி உள்ளே வந்தார். “தப்பிச்சமுங்க பாய்.” நாற்காலிக்கு மேலே காற்றில் தட்டினார். கை அங்கே நின்றது. நீலக் கட்டம் போட்ட துணி கசங்கியது.

நயீம் குனிந்து தன்னைப் பார்த்தான். நீலக் கட்டச் சட்டை இருந்தது. அங்கேயும் இருந்தது.

“பஸ்ஸுக்கு நிக்க வேண்டாமுங்க. கார்லயே சூரமங்கலம் கொண்டாந்து ஊட்டுல வுட்டுடறேன்.”

நயீம் கத்தினான். அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். பச்சமுத்து அந்த இடத்தைச் சொறிந்துகொண்டு படியிறங்கினார். அவர் பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம்.

நெடுஞ்சாலையில் எந்தப் பஸ்ஸும் அவனுக்கு நிற்கவில்லை. மனைவி நாஸியாவுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டே ஓடினான். நாற்பது நிமிஷம். கடைசியில் மகள் சபீஹா எடுத்தாள். உற்றுப் பார்த்தாள்.

“ம்மா, அத்தா நம்பர்தான். ஆனா ஆளே இல்ல. வெறும் ரோடு தெரியுது.”

“கதவத் திறக்காதீங்க. சபி. கதவு.”

காரின் ஹாரன். குழந்தை போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். திரையில் மின்விசிறி சுற்றியது. தாழ்ப்பாள். அவனுடைய இருமல். நாஸியாவின் சிரிப்பு.

“என்னங்க, சீக்கிரமே வந்துட்டீங்க?”

மின்விசிறிக்குக் கீழே ஒரு கை நீண்டது. அவனுடைய வெள்ளி மோதிரம். அவனுடைய மணிக்கட்டு மச்சம். விரல்கள் மட்டும் இன்னும் முடியவில்லை. நுனிகள் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தன. அவை போனைப் பதவிசாக எடுத்து, கவிழ்த்து வைத்தன.