கனகத்திட்டின் கடைசி இரண்டு வாசல்கள்

பவுலின் விண்ணுடையை மாட்டி, தலைக்கூண்டைத் திருகிப் பூட்டி, கம்பித் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசல் கூட்டப் புறப்பட்டாள்.

கனகத்திட்டில் ஒரு நாளைக்கு ஆறு முறை பொழுது விடியும். முதல் விடியலில் வாசல் கூட்டியாக வேண்டும். அழகுக்காகவும் இல்லை, சுத்தத்துக்காகவும் இல்லை. காற்றே இல்லாத சிறுகோள் அது. தூசியில் பதிந்த தடம் தானாக அழியாது. அறுபது வருடத்துக்கு முன் முதன்முதலில் இறங்கிய ஆள் கால் இடறி விழுந்த இடம்கூட அப்படியே இருந்தது. தங்கம் தேடப் போன துளைப்பூச்சி எந்தப் பக்கம் போனது, எங்கே அதிக நேரம் நின்றது என்பதெல்லாம் எழுதி ஒட்டியதுபோல எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஆகவே வீட்டுக்கு வீடு, பூச்சி போன வழி நெடுகக் கூட்டி அழித்துவிட்டு, எதிர்வீட்டை ஏமாற்ற வேறு நாலு திசையிலும் கொஞ்ச தூரம் கூட்டிவைப்பார்கள்.

துளைப்பூச்சி என்பது ஆட்டுக்குட்டி அளவில் ஆறு கால் இயந்திரம். பாறையைக் குடைந்து போய், தங்கம் தட்டுப்பட்டால் சத்தமில்லாமல் திரும்பி வந்து வீட்டுக்காரர் காதில் மட்டும் சொல்லும். குடும்பத்துக்கு ஒன்று என்று சுரங்கக் கம்பெனி கொடுத்திருந்தது. ஒரு காலத்தில் நாலாயிரம் பூச்சிகள், நாலாயிரம் வாசல்கள், நாலாயிரம் துடைப்பங்கள். மூன்று பள்ளிக்கூடம், ஒரு மாதா கோயில், ஒரு மாரியம்மன் கோயில், இரண்டு கோயில் திருவிழாவும் ஒரே வாரத்தில் வந்ததால் வருடா வருடம் ஒரு சண்டை என்று ஊர் ஜேஜே என்று இருந்தது. பிறகு தங்கம் குறைந்தது. முதலில் சினிமாக் கொட்டகை மூடியது, அப்புறம் பள்ளிக்கூடங்கள், கடைசியாகச் சாராயக் கடை. சாராயக் கடையே மூடிய பிறகு ஊரில் என்ன இருக்கிறது என்று கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள்.

மிச்சம் இரண்டே வீடுகள். இந்தப் பக்கம் பவுலினும் அவள் கணவன் தேவநேசனும். அந்தப் பக்கம் சம்பூர்ணமும் அவள் கணவன் திருவேங்கடமும். பவுலின் நிமிர்ந்து பார்த்தாள். சம்பூர்ணமும் கூட்டிக்கொண்டுதான் இருந்தாள். நேற்றைவிட நாலு முழம் அதிகமாகக் கூட்டியிருந்தாள். பவுலின் அந்த நாலு முழத்தைக் கண்ணாலேயே இன்னொரு முறை அளந்தாள்.

அன்று கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது. பத்தாம் நாள் கடைசிக் கப்பல். அதன் பிறகு காற்று நிலையத்தை நிறுத்திவிடுவார்கள். ஊர் மூடப்படுவதால் இன்று முதல் பாறை முழுக்கப் பொது. இனி எது கிடைத்தாலும் பதிவேட்டில் மிச்சமிருக்கும் குடும்பங்களுக்குச் சரிபாதி. கிடைத்ததை வாய்விட்டுச் சொன்னால்தானே பாதி என்று பவுலின் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். எதிர்வீட்டிலும் யாரோ அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கூடவே, செவ்வாயில் செங்குடி ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் எமல்டாவின் குரல்மடலும் வந்தது. அவ்வளவு தூரத்துக்கு நேருக்கு நேர் பேச முடியாது. பேசி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"எம்மா, டாக்டரம்மா இன்னும் ஐம்பத்தஞ்சு நாள்னு சொல்றாங்க. கப்பல் நாப்பது நாள் ஓடுமாம். இந்தக் கப்பல வுட்டுட்டா உனுக்கு வேற வழியே இல்லம்மா. எனுக்கு பயமா கீது. வந்துடுவ இல்ல?"

"வராம இன்னாடி?" என்று உடனே பேசி அனுப்பினாள் பவுலின். "தலைப் பிரசவத்துக்குப் பெத்தவ இல்லாம எப்டி?" தேவநேசன் அப்போதே பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் சம்பூர்ணம் வந்து, வீட்டுக் காற்று வெளியேறாமல் காக்கும் காற்றுப்பூட்டுக் கதவைத் தட்டினாள். தலைக்கூண்டைக் கழற்றினால், தலையில் எண்ணெய் இல்லை. கண் சிவந்திருந்தது. உட்கார்ந்ததும் ஒரே அழுகை.

"யக்கா, எல்லாம் முடிஞ்சிபோச்சுக்கா. ஒண்ணுமே இல்ல. பூச்சி வெறுங்கல்ல கொடஞ்சிக்கினு கீது. நாங்க கெளம்பறோம்க்கா."

வேறு ஊராக இருந்தால் பவுலின் அவள் முதுகைத் தடவி ஆறுதல் சொல்லியிருப்பாள். ஆனால் இது கனகத்திட்டு. இங்கே முதலில் தங்கம் கண்டவன் ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் இருநூறு பூச்சிகள் அவன் குழியில் இறங்கிவிட்டன. அன்றிலிருந்து தங்கம் கண்டவர்கள் தலைவிரிகோலமாக வீடு வீடாகப் போய், ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லை என்று அழுவது வழக்கமாயிற்று. கண்ணேறும் படாது, பங்கு கேட்டும் வரமாட்டார்கள். இதற்கு இல்லைப்பாட்டு என்று பெயரே வைத்திருந்தார்கள். நாளடைவில் அழாதவன் ஏமாளி என்று ஆகிவிட்டதால், நிஜமாகவே ஒன்றும் கிடைக்காதவர்களும் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். அறுபது வருடமாக எல்லோரும் இல்லை என்றார்கள். எல்லோரும் அடுத்தவனிடம் இருக்கிறது என்று நம்பினார்கள்.

போதாக்குறைக்கு, சம்பூர்ணத்தின் அழுகைக்கு ஒரு வரலாறு இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அவள் இதே மாதிரி பதினோரு மாதம் அழுதாள். பன்னிரண்டாம் மாதம் அவள் வீட்டில் இன்னொரு அறை முளைத்தது. சமையலறையில் குழாய் வந்தது. திருகினால் நிஜத் தண்ணீர் கொட்டும் குழாய். கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு, அந்தக் குழாயடியில் நின்று, "ஒண்ணுமில்லக்கா" என்று அவள் சொன்னதைப் பவுலினால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

சம்பூர்ணம் போன பிறகு பவுலினுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"கண்டுட்டா. இத்தினி அழுகை அழுதான்னா பெரிய கட்டியா மாட்டிக்கீது" என்றாள் கணவனிடம். "நம்மள மொதல்ல கப்பல் ஏத்திட்டு அள்ளிக்கலாம்னு பாக்கறா."

"பவுலினு, அவ நெசமாவே அழுதா" என்றான் தேவநேசன்.

"நெசமா அழறவ எதுக்கு நாலு முழம் கூட கூட்டறா?"

 தேவநேசன் பெட்டியில் துணி அடுக்கப் போய்விட்டான்.

அன்றிலிருந்து பவுலின் தன் பூச்சியை மண்மேட்டைச் சுற்றி அனுப்பி, சம்பூர்ணத்தின் சமையலறைக்குப் பின்னால் இறக்கினாள். கனகத்திட்டு வீடுகளுக்குக் கொல்லைக் கதவு கிடையாது. இருக்கும் ஒரே காற்றுப்பூட்டு வாசலில்தான். அதனால் தன் வீட்டுப் பின்புறத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏழு நாள் குடைந்துவிட்டுப் பூச்சி அவள் காதில் சொன்னது: வெறும் கல்.

பவுலினுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த வேகத்திலேயே எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.

"சம்பூர்ணம், சத்தியமா ஒண்ணுமில்லடி. என் பூச்சியும் கல்லத்தான் தின்னுது. நானும் கெளம்பறேன்" என்று தேம்பினாள். அவள் வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய்யில்லாமல் அழுத அழுகை அது.

சம்பூர்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மெல்ல வெளுத்தது. பவுலின் திரும்பித் தன் வீட்டுக்குள் நுழைவதற்குள், எதிர்வீட்டில் கட்டி வைத்திருந்த மூட்டைகளை அவிழ்க்கும் நிழல் சன்னலில் தெரிந்தது.

பத்தாம் நாள் கப்பல் வந்து இறங்கியது. ஒரு மணி நேரம்தான் நிற்கும் என்றார் கேப்டன் குணாளன். பூமியில் பிறந்து வளர்ந்தவர், இளகிய மனசு. கணவர்கள் இருவரும் பெட்டியோடு முதலில் ஏறி, அருகருகே உட்கார்ந்து, வாரை மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குள் ஒரு பகையும் இல்லை. மனைவிமார் வாசலுக்கு ஒருத்தியாகத் துடைப்பத்தோடு நின்றார்கள்.

"நீ ஏறு சம்பூர்ணம். நான் கதவ சாத்திட்டு வரேன்" என்றாள் பவுலின், தலைக்கூண்டு வானொலியில்.

"நீங்க பெரியவங்க, நீங்க மொதல்ல ஏறுங்கக்கா."

"எனுக்கு இன்னா அவசரம்?"

"எனுக்கு மட்டும் இன்னாக்கா?"

கால் மணி போனது. அரை மணி போனது. கப்பலின் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அப்போது பவுலினின் காதுக்குள் மகளின் குரல்மடல் வந்து விழுந்தது. "எம்மா, ஏறிட்டியா? கால் ரெண்டும் வீங்கிப்போச்சும்மா. ஏறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."  பவுலின் ஓடிப்போய் ஏறிவிடலாம் என்று காலைத் தூக்கினாள். எதிர்வாசலில் சம்பூர்ணம் அசையாமல் நிற்பதைப் பார்த்ததும் தூக்கிய கால் அப்படியே நின்றுவிட்டது. பெற்ற மகள் ஒரு பக்கம், சம்பூர்ணத்தின் குழாய் ஒரு பக்கம். என்ன மனுஷி நான் என்று தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. ஆனாலும் கால் நகரவில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். "இங்க பாரு. ரெண்டு பேரும் இடுப்புல ஒரே கயித்தக் கட்டிக்கலாம். ஒண்ணா நடக்கலாம், ஒண்ணா ஏறலாம். யாரும் நைசா திரும்பி ஓட முடியாது."

சம்பூர்ணம் யோசித்தாள். முடிச்சைத் தானே போடுவதாக இருந்தால் சரி என்றாள். பவுலின் அந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

இரண்டு பெண்கள் ஒரே கயிற்றில் பிணைந்து, படி படியாக, ஒரே சமயத்தில் கால் வைத்து ஏறி வருவதைக் கேப்டன் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பூமியில் இப்படி அக்கம்பக்கத்தார் இல்லையம்மா" என்றார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கேப்டன் அதை அடக்கம் என்று நினைத்தார்.

கப்பல் எழும்பியது. ஊர் மூடும்போது ஆள் யாரும் விடுபடவில்லை என்று கோளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது விதி. இதுவரை வந்த கப்பல்கள் எல்லாம் இறங்கிய இடத்திலிருந்தே நேராகப் போய்விடும். பவுலினும் சம்பூர்ணமும் கயிறு அவிழாமலே ஒரே சன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். தங்கள் ஊரை மேலேயிருந்து அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தடத்தைத் துடைப்பம் அழித்திருந்தது. துடைப்பத்தின் தடத்தை யார் அழிப்பது? சாய்ந்த வெயிலில், அறுபது வருடம் கூட்டிய கீறல்கள் அத்தனையும் பளிச்சென்று தெரிந்தன. நாலாயிரம் வாசல்களிலிருந்தும் ஒவ்வொரு நீளமான கோடு கிளம்பிச் சுற்றி வளைந்து போய், ஏதாவது ஒரு எதிர்வீட்டின் பின்புறத்தில் முடிந்தது. ஒன்றுகூட ஊரைத் தாண்டவில்லை. பவுலினின் கோடு சம்பூர்ணத்தின் சமையலறைக்குப் பின்னால் போய் நின்றது. சம்பூர்ணத்தின் கோடு, அந்த நாலு முழம் உட்பட, பவுலினின் படுக்கையறைக்குப் பின்னால் வந்து நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கப்பல் கோளின் மறுபக்கத்துக்கு வந்தது. ஊரிலிருந்து மூன்று மணி நேர நடை. அங்கே ஒரு காலடி இல்லை, ஒரு துடைப்பக் கீறல் இல்லை. யாரும் போகாததால் யாரும் போகாத இடம் அது. நடுவில் ஒரு மலைச்சரிவு, அடியிலிருந்து உச்சிவரை, மஞ்சளாக ஜொலித்துக்கொண்டிருந்தது.

கேப்டனும் பார்த்துவிட்டார். "என்னம்மா அது, மினுமினு என்று? எனக்குத் தங்கமும் தெரியாது, தகரமும் தெரியாது. நீங்கள் பழகியவர்கள். தங்கம் என்றால் சொல்லுங்கள், இறங்கிப் பார்த்து எழுதிக்கொள்வோம். இரண்டு நாள்தான் தாமதமாகும். பதிவேட்டில் நீங்கள் இரண்டு குடும்பம்தானே, ஆளுக்குப் பாதி. ஒன்றுமில்லை என்றால் வெறும்பாறை என்று குறித்துவிடுவேன். அப்புறம் இங்கே யாரும் இறங்க அனுமதி கிடையாது."

இரண்டு நாள் தாமதமானாலும் பிரசவத்துக்குப் போய்விடலாம் என்பது பவுலினுக்குத் தெரியும். சரிபாதியே ஏழு தலைமுறைக்குப் போதும் என்பதும் தெரியும். எமல்டாவுக்குத் தோட்டம் வைத்த வீடு, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தங்கத் தொட்டில், சமையலறையில் ஒன்றல்ல, நாலு குழாய். மனசு மளமளவென்று கட்டிக்கொண்டே போனது. கட்டி முடித்துவிட்டு எதிரே பார்த்தது. எதிரே சம்பூர்ணத்தின் வீடு நின்றது. அங்கேயும் நாலு குழாய்.

பவுலினுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ஒண்ணுமில்லீங்க கேப்டன்" என்றாள். "வெறுங்கல்லு. வெயில் பட்டா அப்டித்தான் மினுக்கும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்தில் சம்பூர்ணம் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். "ஆமாங்கய்யா, ஒண்ணுமே இல்லீங்கய்யா! ஒண்ணுமே இல்ல!"

பின் இருக்கையில் கணவர்கள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். கேப்டன் பெருமூச்சுவிட்டு, வெறும்பாறை என்று குறித்துக்கொண்டார்.

செங்குடியில் எமல்டாவுக்குச் சுகப்பிரசவம். "உனுக்காவ மலையத்தனை தங்கத்தையே வுட்டுட்டு ஓடி வந்தேன்டி" என்று பவுலின் சொன்னபோது மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பவுலினும் அழுதாள். அதற்குள் அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

ஊர் மூடி வந்தவர்களுக்கு ஒரே தெருவில் எதிரெதிரே வீடு கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் சம்பூர்ணம் குழந்தை பார்க்க வந்தாள். மூன்றே முக்கால் கிலோ, கொழுகொழுவென்று பெண் குழந்தை. பவுலின் சட்டென்று துணியை இழுத்துப் போர்த்தினாள்.

"ஒண்ணுமில்ல சம்பூர்ணம். வத்தலும் தொத்தலுமா ஒரு புள்ள. பாலே குடிக்க மாட்டேங்குது."

சம்பூர்ணத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.