பூமிக்கு ஏற்ற உடம்பு

காலை ஆறு மணிக்கு இன்பவல்லி தன் கணவர் துரைக்கண்ணுவுக்கு நூற்று நாற்பது கிலோ ஈயத்தை உடுத்திவிட்டாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, அவர் தனக்கு உடுத்திவிடுவதற்காகக் காத்திருந்தாள். அவளுடையது நூற்றுப் பத்து. அதோடுதான் பல் துலக்கினார்கள், சாப்பிட்டார்கள், வேலைக்கும் கிளம்பினார்கள். சந்திரனின் தென்பள்ளக் குடியிருப்பில் அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பளுச்சட்டை போட்டவர்கள் பூமிக்குப் போகப் போகிறவர்கள். வருடத்துக்கு நாற்பது ஐம்பது பேர் அப்படித் தாழ்வாரத்தில் தள்ளாடிக்கொண்டு நடப்பது வழக்கம்தான்.

சந்திரனில் பிறந்து வளர்ந்தவரைத் திடீரென்று பூமியில் இறக்கினால் அவருடைய உடம்பே அவர்மேல் ஆறு மடங்காக வந்து உட்காரும். எலும்பு தாங்காது, இதயம் தாங்காது. ஆகவே பயணச்சீட்டு கிடைத்தவர்கள் பத்து மாதம் உடம்பைத் தயார் செய்ய வேண்டும் என்று விதி. தினமும் பளுச்சட்டை. வாரம் இரண்டு முறை சுழலறை. அது சுற்றுகிற வேகத்தில் பூமியின் முழு எடையும் உடம்பில் ஏறும். வாரம் ஒரு முறை ஈரறை. பூமியின் வெப்பமண்டலக் காற்றை அப்படியே அடைத்து வைத்திருந்த அந்த அறையில், கடித்தால் கெடுதல் செய்யாத பத்துக் கொசுக்களையும் விட்டிருந்தார்கள்.

துரைக்கண்ணுவும் இன்பவல்லியும் குடியிருப்பை விட்டு எங்கும் போனதில்லை. அவர் சரக்குக் கூடத்தில் கணக்காளர். அவள் நீர் மீட்பு நிலையத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்த்தாள். மூச்சிலிருந்தும் வேர்வையிலிருந்தும் பிரித்தெடுத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அளந்து திருப்பி அனுப்புகிற வேலை. யாரும் அளக்காத தண்ணீர் வானத்திலிருந்து விழுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதனால்தான் பயணச்சீட்டுக் குலுக்கலில் பெயர் விழுந்தபோது மழைக்காலத்துத் தாய்லாந்தைத் தேர்ந்தெடுத்தாள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் யாரையும் பூமிக்கு அனுப்புவதில்லை. துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்து நான்கு முடியப் போகிறது. இன்னொரு குலுக்கலுக்குக் காத்திருக்க வழியில்லை.

துரைக்கண்ணுவுக்கு எங்கும் போக வேண்டுமென்று தோன்றியதே இல்லை. அவள் கேட்டாள் என்பதற்காகக் கையெழுத்துப் போட்டார்.

மாதங்கள் போகப் போக இருவரும் பேசுவது குறைந்தது. பேசுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது. மாலையில் பண்பாட்டு வகுப்பு. நெறியாள் என்ற பயிற்சி இயந்திரம் அலுக்காமல் சொல்லிக்கொடுத்தது. பௌத்த விகாரையில் தோளும் முழங்காலும் தெரியக் கூடாது. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். யாருடைய தலையையும் தொடக் கூடாது. புத்தர் சிலைக்கு எதிரே பாதத்தை நீட்டி உட்காரக் கூடாது; காலைப் பக்கவாட்டில் மடக்கிக்கொள்ள வேண்டும்.

நூற்று நாற்பது கிலோவோடு காலை மடக்கி உட்கார்ந்த துரைக்கண்ணுவால் எழுந்திருக்க முடியவில்லை. இன்பவல்லி கைகொடுத்தாள். அவளும் கூடவே விழுந்தாள். இரண்டு பேரும் தரையில் கிடந்தபடி கூரையைப் பார்த்தார்கள்.

"விட்டுடலாமாங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஏழு மாசம் ஆச்சு. இப்ப போய் என்னத்த விடறது" என்றார் அவர்.

முப்பத்தெட்டாவது வாரம் உடல்தகுதிச் சோதனை நடந்தது. சுழலறை முழு வேகத்துக்கு வந்த நான்காவது நிமிடம் துரைக்கண்ணுவின் இதயத்துடிப்பு தாறுமாறானது. அறையை நிறுத்தினார்கள். டாக்டர் ரெஹானா இருவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"அம்மாவுக்குப் பிரச்சினை இல்ல. சாரை அனுப்ப எனக்கு மனசு வரல. மூணு வாரம் கழிச்சு இன்னொரு சோதனை இருக்கு. அதுலயும் இப்படியே இருந்தா, அம்மா மட்டும் போயிட்டு வரட்டும்."

வீட்டுக்கு வந்ததும் துரைக்கண்ணு சொன்னார்: "நீ போயிட்டு வா, வல்லி. நான் இங்க பாத்துக்கறேன்."

"தனியாப் போய் நான் மட்டும் என்னத்தப் பாக்கறது?" என்றாள் அவள். அவளுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. பயணத்தை ரத்து செய்யும் படிவத்தை வாங்கிவந்து மேசை மேல் வைத்தாள். யாரும் அதை நிரப்பவில்லை.

அடுத்த மூன்று வாரமும் துரைக்கண்ணு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிடத்தில் இருக்கவில்லை. இன்பவல்லிக்கு அது தெரியாது. டாக்டர் ரெஹானாவிடம் தனியாக அனுமதி கேட்டு வாங்கி, தினமும் அரை மணி நேரம் சுழலறையில் போய்ப் படுத்துக் கிடந்தார். முதலில் மெதுவான வேகம், பிறகு கொஞ்சம் கூடுதல். வெளியே வந்து, வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துவிட்டு மறுபடி கணக்குக்குத் திரும்பினார். இரண்டாவது சோதனையில் அவர் தேறியபோது இன்பவல்லி அதைக் கடவுள் செயல் என்றாள். அவர் மறுக்கவில்லை.

மூன்று நாள் பயணம். விண்கலம் கடலோரத்தில் இறங்கியது. ஜன்னல் இல்லாத குளிர்வண்டி ஒன்று பன்னிரண்டு பயணிகளையும் விடுதிக்குக் கொண்டுவந்தது. சுற்றுலாப் பொறுப்பாளர் சந்தனராஜ், ஆளுக்கொரு தோல்கச்சையோடு வாசலில் காத்திருந்தார். இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொள்ள வேண்டிய கச்சை. அதிலிருந்து நான்கு கம்பிகள் கூரையில் ஓடும் தண்டவாளத்துக்குப் போயின. மாட்டியதுமே உடம்பின் ஆறில் ஐந்து பங்கு எடையை அது தூக்கிக்கொண்டது. பயணிகள் சந்திரனில் நடப்பதுபோலவே துள்ளி நடந்தார்கள். காற்று உலர்ந்து குளிராக இருந்தது. மேசையில் குடியிருப்பிலிருந்தே வந்த நீர்ப்பாசி இட்லியும் பொடியும் இருந்தன.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று துரைக்கண்ணு கேட்டார்.

"நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சார். மொதல்ல வந்தவங்க எல்லாருக்கும் ஒரே குறை. கால் வலிக்குது, வேர்க்குது, சாப்பாடு நம்ம சாப்பாடு மாதிரி இல்ல. அதான் எல்லாத்தையும் நம்ம ஊர் மாதிரியே பண்ணிட்டோம்."

"அப்ப அந்தப் பத்து மாசம்?"

"அது அரசாங்க விதி சார். அதை யாரும் மாத்தல."

மற்றவர்கள் நிம்மதியாகச் சிரித்தார்கள். ஒருவர் இரண்டாம் முறை இட்லி வாங்கிக்கொண்டார். இன்பவல்லி கச்சையில் தொங்கியபடி கண்ணை மூடினாள். பத்து மாத வலி முழுவதும் முதுகிலிருந்து ஒழுகி இறங்குவதுபோல் இருந்தது. அவள் பதினோரு மணி நேரம் தூங்கினாள்.

மறுநாள் விகாரைக்குப் போனார்கள். வண்டி நிற்குமிடத்திலிருந்து கருவறை வாசல்வரை கண்ணாடிக் குகைப்பாதை ஒன்று கட்டியிருந்தார்கள். அதற்குள்ளும் தண்டவாளம் ஓடியது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியெங்கும் தண்ணீர் வழிந்தது. இன்பவல்லி அப்படியே நின்றுவிட்டாள்.

"வா, வெளியே போலாம்" என்றார் துரைக்கண்ணு.

அவள் மழையைப் பார்த்தாள். பிறகு தன் முழங்காலைப் பார்த்தாள். "இப்பதாங்க கால் வலி விட்டிருக்கு. நாளைக்குப் போலாமே. மழை தினமும் பெய்யும்னு சொன்னாங்கல்ல."

வெளியே போக விரும்புகிறவர்கள், என்ன நடந்தாலும் தாங்களே பொறுப்பு என்று எழுதிக்கொடுக்க வேண்டும். துரைக்கண்ணு எழுதிக்கொடுத்துவிட்டுக் கச்சையைக் கழற்றினார். கதவு திறந்து மூடியது. அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் அடியில் அவர் முழங்கால் மடங்கியது. ஒரு தூணைப் பிடித்து நிமிர்ந்தார். தண்ணீர் தலையில் விழுந்தபோது கையால் தடுக்கப் போனவர், பிறகு கையை இறக்கிவிட்டார். பன்னிரண்டு படி ஏற அரை மணி நேரம் ஆயிற்று. தாமரை மொட்டு விற்ற பெண் ஒருத்தி அவருக்குத் தன் மணையை நகர்த்திக் கொடுத்தாள். இன்பவல்லி பதினேழு படம் எடுத்தாள்.

அவர் திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"கனமா இருந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "தண்ணி வெதுவெதுன்னு இருக்கு, வல்லி. நான் குளிரும்னு நெனச்சேன்."

அதன் பிறகு அவர் தினமும் போனார். அவள் தினமும் நாளைக்கு என்றாள். ஒரு நாள் தலைவலி. ஒரு நாள் படகுச் சவாரி, அதுவும் கண்ணாடிக்குள். எட்டாம் நாள் கச்சையைக் கழற்றிவிட்டு அவரோடு கதவுவரை நடந்தாள். கதவு திறந்ததும் ஈரக்காற்று முகத்தில் அடித்தது. ஒரு நிமிடம் நின்றாள்.

"ஈரறை மாதிரியேதாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவளை அவர் குறை சொல்லவே இல்லை. அவள் எவ்வளவு களைத்திருந்தாள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வீடு திரும்பிய இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுச் செல்வமலர் வந்தாள். அடுத்த குலுக்கலில் அவள் பெயர் விழுந்திருந்தது. முதல் வாரத்துப் பளுச்சட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். துரைக்கண்ணு வீங்கிய காலைத் தலையணை மேல் வைத்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். இன்பவல்லி படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மழை, படிகள், பொன்னிறக் கோபுரம், நனைந்த கணவர்.

"பயமா இருக்குக்கா. நெசமாவே அங்க அவ்வளவு கஷ்டமா?"

"ஒண்ணும் பயப்படாத, மலரு. எல்லாம் நம்ம ஊர் மாதிரியே பண்ணி வச்சிருக்காங்க. காலைல நம்ம இட்லியே குடுத்துடறாங்க. கண்டிப்பாப் பாக்க வேண்டிய ஊரு."

செல்வமலருக்கு முகம் தெளிந்தது. "அந்த ஊரு சனங்க எப்படிக்கா?"

இன்பவல்லி சற்று யோசித்தாள்.

"ரொம்ப நல்ல சனங்க" என்றாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு எங்களுக்குக் கையாட்டினாங்க."