கவிழ்த்து வைத்த குழாய்கள்

அன்று மழை பெய்ததா என்பது இப்போது உறுதியாக நினைவில்லை. பெய்தது என்றே சொல்லி வந்திருக்கிறேன். ஆய்வு மாணவி அழுது முடித்த முகத்தோடு வந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

துப்பறிவது அண்ணி, உடன் அலைவது அவர் கொழுந்தன். உதவி தேடி வந்தவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவன்தான், முந்திக்கொண்டு கேள்வி கேட்டதும் அவன்தான்.

மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றுக்கு அனுப்பும் சேதிப்பொருள் செரோடோனின். சேதி போய்ச் சேர்ந்ததும், அனுப்பிய அணுவே அதைத் தன் வாசல் வழியாகத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். எலியின் மூளைத் திசுவைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, அது எவ்வளவு இழுக்கிறது என்று அளப்பது மாணவியின் வேலை. ஒழுங்காக இழுத்துக்கொண்டிருந்த திசு சில வாரங்களாகச் சும்மா கிடந்தது. பழைய அளவுகளே இட்டுக்கட்டியவை என்றார் பேராசிரியர். நாளைக்குள் காரணம் தெரியாவிட்டால் அவள் ஆய்வு அதோடு முடிந்தது.

பக்கத்து மேஜையில் யார் என்று கொழுந்தன் கேட்டான். சுருட்டை என்றாள், தலைமுடியால் வந்த பெயர். மனச்சோர்வு மருந்து ஒன்றை ஆராயும் தோழி. ஏதோ அற்ப விஷயத்தில் சண்டையாகி, கொஞ்ச நாளாகப் பேச்சில்லை. கொழுந்தன் கண்ணைக் காட்டினான். அண்ணி கண்டுகொள்ளவில்லை.

ஆய்வகத்தில் அண்ணி இரண்டு மேஜைகளையும் சுற்றிப் பார்த்தார். மாணவியின் குழாய்கள் துணிமேல் கவிழ்ந்திருந்தன. சற்றுமுன் அவளே கழுவிய குவளையோ வாய்க்குக் காகிதம் மூடி நிமிர்ந்து நின்றது. குழாய்களைக் கழுவுவது யார் என்றார். கொஞ்ச நாளாகக் காலையில் வரும்போதே கழுவியிருக்கும், துப்புரவுப் பணியாளர்தான் போலும் என்றாள்.

"டோபமைன்னு இன்னொரு சேதிப்பொருள் இருக்கே, அதை இந்தத் திசு இழுக்குதா?"

"அது எப்பவும் போலத்தான் மேடம்."

அண்ணி பேராசிரியரையும் சுருட்டையையும் அழைக்கச் சொன்னார்.

"திசு செத்திருந்தா டோபமைனும் உள்ள போகாது. சூடோ உப்போ தப்பியிருந்தாலும் அப்படித்தான். செரோடோனின் வாசல் மட்டும் அடைபட்டிருக்கு. அதை மட்டும் அடைக்கிற பொருள் இந்த அறையில ஒண்ணுதான் இருக்கு."

அது சுருட்டையின் மருந்து. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி," என்றான் கொழுந்தன்.

"பகைக்காரி வந்து பாத்திரம் கழுவி வைப்பாளா தம்பி? இந்தப் பொண்ணு கழுவினா நிமிர்த்தி வைக்கிறா. சுருட்டை மேஜையில எல்லாமே கவிழ்ந்து கிடக்கு. இந்தக் குழாயும் அப்படித்தான். ரெண்டு பேர் குழாயும் ஒரே தொட்டியில ஊறியிருக்கு. அந்த மருந்து கண்ணாடியில ஒட்டிக்கும், வெறும் தண்ணிக்குப் போகாது. துளி போதும், வாசல் அடைச்சிடும்."

சுருட்டை தலை நிமிரவில்லை. "மன்னிப்பு கேக்க வாய் வரல. கழுவியாவது வைப்போம்னு..."

உறை பிரிக்காத புதுக் குழாய்களில் சோதித்தார்கள். திசு பழையபடி செரோடோனினை இழுத்தது. பிறகு மாணவி தோழியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சோப்பாவது போட்டுத் தொலைச்சிருக்கலாம்லடி."

மாணவி பட்டம் பெற்றாள். சுருட்டை தனித் தொட்டி வாங்கிக்கொண்டாள், பேச்சுக்குக் குறைவில்லை. பேராசிரியர் வருத்தம் தெரிவித்தார், ஒரே ஒரு முறை. அண்ணி இன்னும் துப்பறிகிறார். ஆராய்ச்சிக்கே ஆபத்து என்று சொல்லிக் கொழுந்தன் வீட்டில் பாத்திரம் கழுவ மறுத்துப் பார்த்தான், செல்லவில்லை.