பின் சக்கரத்து முடி

பின் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் ஏழெட்டுச் சுற்றாவது ஓடிவிட்டுத்தான் நிற்க வேண்டும். அது ஒன்றரைச் சுற்றில் நின்றது. புஷ்பவள்ளி மறுபடி தள்ளினாள். மறுபடியும் ஒன்றரை. பிரேக் உரசினால் கரகரவென்று நிற்கும். பேரிங் தேய்ந்திருந்தால் கடகடத்து நிற்கும். இரண்டும் அவளுக்குப் பழக்கமான சத்தங்கள். இதுவோ சத்தமே இல்லாமல், உள்ளேயிருந்து யாரோ ஈரத் துணியை மெல்ல முறுக்கிப் பிடித்ததுபோல மெத்தென்று நின்றது.

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மலையில் மேகம் பாதிவரை இறங்கியிருந்தது. சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடத்தில் சாக்கை விரித்து, அதன் மேல் மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் ஏற்றியிருந்தாள். பக்கத்து வீட்டில் பெலாச்சான் என்ற இறால் விழுதை வறுக்கும் நெடியும், தட்டில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெய் வாடையும், வரப்போகும் மழையின் மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின.

அச்சின் நட்டைக் கழற்றி, அச்சை உருவி, சக்கரத்தை வெளியே எடுத்தாள். அச்சில் முடி சுற்றியிருந்தது. நூல் கண்டில் நூல் சுற்றுவதுபோல ஒரே சீராக, இறுக்கமாக. கத்தியால் கீறிப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் இரண்டு முழ நீளம். கருகவில்லை, கிரீஸ் படவில்லை. நேற்றுத் தேங்காயெண்ணெய் தேய்த்த முடிபோல மினுமினுத்தது.

அவளுடைய முடி கழுத்தோடு வெட்டியது.

பழைய பால்மாவு டின்னில் அதைப் போட்டு மூடினாள். சக்கரத்தைத் துடைத்து மாட்டிச் சுழற்றினாள். எட்டுச் சுற்று ஓடியது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. முப்பத்து நான்கு வயதில், அண்ணன் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனியே வீடெடுத்து வந்தவள், யோசிக்க ஆரம்பித்தால் எதில் போய் முடியும் என்று அறிந்தவள். இந்த மோட்டார் சைக்கிள் இருந்ததால்தான் அவளால் வர முடிந்தது. விடிகாலையில் கடலுக்கு அக்கரையில், பிறையிலுள்ள தொழிற்சாலைக்குப் போக யாருடைய காரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒருமுறை பழுதுபார்க்கும் கடைக்காரர், ஆம்பளை யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால் பேசலாம் என்றார். அன்றைக்கே ஒரு கையேடும் நாலு ஸ்பேனரும் வாங்கினாள். எஞ்சினை இரண்டு முறை முழுதாகப் பிரித்தாள். முதல் முறை மூன்று திருகுகள் மிஞ்சின. இரண்டாம் முறை ஒன்றும் மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை, தன்னோடு வேலை செய்யும் ரொஸ்னாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். அதற்காகத்தான் போன வாரம் பின்னாலிருந்த இரும்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு இருக்கை போட்டிருந்தாள். முதல் சந்திப்பிலேயே ரொஸ்னா தோளைத் தட்டி இறங்கிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. பஸ்ஸில் வருகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு மலாயில் இரண்டே சொல் சொன்னாள். இடம் இல்லை.

வண்டியை விற்ற இஸ்மாயிலைக் கேண்டீனில் பிடித்துக் கேட்டாள். அவன் அதே தொழிற்சாலையில் டெக்னிஷன், நல்ல மனிதன். பெட்டியைக் கழற்றினாயா என்றுதான் முதலில் கேட்டான். தான் வாங்கும்போதே அந்தப் பெட்டி இருந்தது, அதைக் கழற்றாதே என்று முன்பு வைத்திருந்தவர் சொன்னார், காரணம் கேட்கவில்லை, கழற்றவும் இல்லை என்றான். திரும்ப மாட்டிவிடு, இல்லாவிட்டால் வண்டியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றான். தேநீரைக் குடிக்காமலே குவளையைத் தள்ளிவைத்தான். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குள் ஏதோ கெட்டிப்பட்டது. இன்றைக்கு ஒரு பெட்டியை மாட்டிப் பயத்தை மூடினால், நாளைக்குக் கதவை மூட வேண்டியிருக்கும். நாளன்றைக்கு வீட்டையே மூடிவிட்டு அண்ணன் வீட்டு நடு அறையில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

மாட்டமாட்டேன் என்றாள்.

அந்த வாரம் முழுக்க வண்டி கனத்தது. அக்கரைக்குப் போகும் கடற்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாவது கியர் இழுக்கவில்லை. பின் ஸ்பிரிங்குகள், அவள் ஒருத்தி உட்கார்ந்தாலே இருவர் உட்கார்ந்ததுபோல அமுங்கின. புதன்கிழமை பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அறைந்தபோது, வண்டியைச் சாய்த்துச் சமாளித்தாள். அவள் சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் ஒரு கனம் சாய்ந்தது. வண்டியில் போய்ப் பழக்கமில்லாதவர்கள் பயந்து அப்படித்தான் சாய்வார்கள்.

இரண்டாவது ஞாயிறு சக்கரத்தைக் கழற்றினாள். முடி. இம்முறை இரண்டு பிடி. மழை பெய்து நாலு நாளாகியிருந்தது, முடி நனைந்திருந்தது. சுத்தம் செய்து மாட்டியபின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து நட்டின் மேலும் சட்டத்தின் மேலும் சேர்த்து ஒரு கோடு போட்டாள். யாராவது ஸ்பேனர் வைத்தால் கோடு விலகிவிடும். இரவில் வண்டியைச் சமையலறைக்குள் ஏற்றிச் சங்கிலி போட்டுப் பூட்டினாள்.

மூன்றாவது ஞாயிறு கோடு விலகவில்லை. மயிரிழைகூட விலகவில்லை. உள்ளே முடி, அச்சு தெரியாத அளவுக்கு.

அன்றைக்குத்தான் அண்ணன் அர்ஜுனன் வந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். கையில் கோயில் திருநீறும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. ரொஸ்னாவின் வாய் வழியாக விஷயம் எப்படியோ அவர் வீடுவரை போயிருந்தது. டின்னைத் திறந்து காட்டச் சொன்னார். பார்த்தார். பிறகு டின்னை மூடிக் கீழே வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வள்ளி, மோட்டார இங்கயே போட்டுட்டு வீட்டுக்கு வந்துரு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கல்யாணப் பேச்சும் எடுக்க மாட்டேன்."

அவர் குரலில் அதிகாரம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இது என் மோட்டார்லா, அண்ணே. என் வீடு. இதுல எதாச்சும் இருந்தா அதுதான் வெளிய போகணும். நான் போகமாட்டேன்."

அவர் திருநீற்றை அவள் நெற்றியில் பூசினார். வண்டிக்கும் பூசப் போனவர், பின் இருக்கைக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே நின்றுவிட்டார். அங்கே யாரோ உட்கார்ந்திருக்க, இடித்துவிடக் கூடாதே என்று ஒதுங்கியதுபோல நின்றார். பிறகு பழத்தை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து பாலத்தில் வரும்போது பெருமழை பிடித்தது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த ஈரத்தின் நடுவே, இரண்டு தோள்பட்டைகளுக்கும் இடையே, வட்டமாக ஓர் இடம் மட்டும் குளிர்ந்தது. மழையைவிடக் குளிர்ச்சி. மெல்ல அழுந்தியது. தூக்கம் வந்தவர்கள் முன்னால் இருப்பவர் முதுகில் நெற்றியைச் சாய்ப்பார்கள். அதே அழுத்தம். அதே இடம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. தலைக்கவசத்துக்குள் தன் மூச்சையே கேட்டுக்கொண்டு, கைப்பிடியை முறுக்கினாள்.

"உக்காந்துட்டுப் போ. ஓட்டுறது நான்தான்," என்று மழையைப் பார்த்துச் சொன்னாள்.

நெற்றி விலகவில்லை. ஆயர் ஈத்தாம் வரும்வரை விலகவில்லை.

அன்று இரவு அவள் சமைக்கவில்லை. ஆனால் அழவும் இல்லை. சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சாக்கை விரித்தாள்.

வெளியே வெயில் இருந்தது. பக்கத்து வீட்டு வானொலியில் யாரோ மலாயில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்சந்தில் ஐஸ்காரனின் மணி போனது. எல்லாம் சாதாரணமாக இருந்தது, அதனால் அவளுக்குத் தைரியமாகவும் இருந்தது. நட்டைக் கழற்றினாள். அச்சை உருவினாள். அச்சு சுத்தமாக இருந்தது. ஒரு முடிகூட இல்லை. நேற்றுத்தான் கடையிலிருந்து வாங்கிவந்த இரும்புபோலப் பளபளத்தது.

சக்கரத்தை மடியில் கிடத்தினாள். பிரேக் தட்டை எடுத்தாள், வெறும் தூசி. பேரிங்கைத் தொட்டுச் சுற்றினாள், வழுக்கிக்கொண்டு ஓடியது. எல்லாம் சரி. அப்படியானால் போய்விட்டதா? நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சக்கரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அச்சு நுழையும் துளை சுண்டுவிரல் அகலம். இந்தப் பக்கம் கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் வெயில் தெரிய வேண்டும்.

இருட்டாக இருந்தது.

சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தாள். அந்தப் பக்கமும் இருட்டு. ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டாள். அது மறுபக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைப்பிடிவரை உள்ளே போனது. எதிலும் முட்டவில்லை. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து அவள் விரல்களை நனைத்தது. தேங்காயெண்ணெய் வாசனை. மழைத்தண்ணீர் தேங்கிய தார்ச்சாலையின் வாசனை.

ஸ்குரூ டிரைவரை உருவியபோது அதன் நுனியில் ஓர் இழை ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒரே ஓர் இழை. அதைப் பிடித்து இழுத்தாள். வந்தது. பின்னாலேயே பத்து இழை. பிறகு ஒரு கொத்து. பிறகு கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பின்னல். முழம் முழமாக வந்தது. சாக்கில் விழுந்து சுருண்டது. ஈரம் சொட்டியது. அவள் அதை முன்னங்கையில் சுற்றிச் சுற்றி இழுத்தாள். மூன்று வாரம் சுத்தம் செய்தும் தீராதது இன்று தீரட்டும். வேரோடு வரட்டும்.

வானொலி நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

இழுப்பு கனத்தது. மறுமுனையில் ஏதோ இருந்தது. கிணற்றிலிருந்து நிறைகுடம் வரும் கனம். கதவு திறந்துதான் இருந்தது. ஓடலாம். நாலே எட்டு. தெரு. ஆட்கள். வெயில்.

ஓடினால் அண்ணன் வீடுதான்.

புஷ்பவள்ளி குந்தியிருந்தவள் நன்றாக உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் சக்கரத்தின் விளிம்பில் ஊன்றினாள். பின்னலைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். பல்லைக் கடித்தாள்.

"வா வெளிய. நீயா நானா பார்த்துக்கலாம். வா."

இழுத்தாள்.

வந்தது. துளையில் முதலில் தெரிந்தது வெள்ளையாக ஒரு கோடு. வகிடு. அதில் குங்குமம். ஈரமாக இருந்தது, கலையவில்லை. துளை விரியவில்லை. தலை சுருங்கவும் இல்லை. ஆனாலும் வந்தது. நெற்றி. நேராக அழுந்தி அழுந்தித் தட்டையாகிப்போன நெற்றி. புருவம். மூடிய இமைகள்.

அவள் இழுப்பதை நிறுத்தினாள். கைகள் தளர்ந்தன.

பின்னல் தளரவில்லை. அவள் முன்னங்கையில் அது சுற்றிய இடமெல்லாம் தானாகவே இறுகியது. விரல் நுனிகள் நீலமாயின. இப்போது இழுப்பது அவள் அல்ல. உள்ளேயிருந்து யாரோ அந்தப் பின்னலைக் கயிறாகப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடி. ஒரு நிறுத்தம். இன்னொரு பிடி.

அவள் காலை எடுக்கவில்லை. கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மூடிய இமைகளையே பார்த்துக்கொண்டு, வலிக்கும் கையோடு கால்களை இன்னும் பலமாக ஊன்றினாள்.

இமைகள் திறந்தன. வெயிலுக்குக் கூசின.

பிறகு, காதோரமாக, துளைக்கும் கன்னத்துக்கும் இடையில் இடமே இல்லாத இடத்திலிருந்து ஒரு விரல் வெளியே வந்தது. வெளிறிப்போன விரல். அது தடவித் தடவித் தேடி, அவள் பாதத்துக்கு அருகே இருந்த சக்கரக் கம்பி ஒன்றைப் பற்றியது. பக்கத்தில் இரண்டாவது விரல். மூன்றாவது. நான்காவது.