இருபத்திரண்டாவது மிஷன்

மக்பூல் பாய் அழைப்பைத் துண்டித்த பிறகும் ஹெட்போனில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தன் மூச்சுதான் என்று முதலில் நினைத்தார் கண்ணாயிரம். அடக்கிப் பார்த்தார். அது நிற்கவில்லை. மெல்லிய மூச்சு, ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் சிறு சீழ்க்கை. மழைக்காலத்து இணைப்பு இப்படித்தான் இரையும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

மாலை நான்கு மணிதான். ஆனாலும் புதூர்நாட்டு மலையில் கார்த்திகைப் பனிமூட்டம் ஜன்னல் கம்பிவரை வந்து நின்றிருந்தது. வாசலில் நிறுத்திய டிராக்டரின் சக்கரங்கள் மட்டும் தெரிந்தன. மூலையில் அடுக்கிய சாமை மூட்டைகளிலிருந்து ஈரச் சாக்கின் வாடை எழுந்தது. மனைவி மங்கம்மாள் சந்தைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பியிருந்தாள். வீட்டில் அவர் மட்டும்.

உறைவிடப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். வருடாவருடம் அவருடைய புளியை வாங்கும் வாணியம்பாடி மண்டிக்காரர் மக்பூல் பாய்தான் இந்த விண்கல விளையாட்டைப் பழக்கிவிட்டார். அறுபது தாண்டிய இரண்டு பேரும் ஆளுக்கொரு விண்கலத்தில் ஏறி, எந்த மிஷன் கடினம் என்று மூன்று வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றும் அதே சண்டைதான்.

"பதினேழ விட்டுட்டுப் பேசாதீங்க பாய். ஒத்த எஞ்சின வச்சிக்கினு அந்தத் தூசி நிலாவுல எறக்கிப் பாருங்க. பதினோரு தடவ மூக்கு ஒடஞ்சிருக்கேன்."

"மூக்குதான சார் ஒடஞ்சுது? இருபத்திரண்டுல மனசு ஒடையுது."

அந்த மிஷனில், பழுதாகிச் சுழலும் ஒரு கலம் உங்கள் கலத்தோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். உள்ளே ஒரு விமானி. உங்களிடம் ஒரு கலம் திரும்பும் அளவுக்குத்தான் எரிபொருள். கயிற்றை வெட்டிவிட்டுத் தனியே திரும்பினால் வெற்றி. இழுத்துக்கொண்டு வரப்பார்த்தால் அநேகமாக இரண்டுமே எரிந்து விழும்.

"நாப்பத்திமூணு தடவ இழுத்துப் பாத்தேன் சார். நாப்பத்திமூணு தடவையும் ரெண்டு பேருமே மௌத்து."

"வெட்டிட்டு வரவேண்டியதுதான?"

"அந்தாளு ரேடியோவுல கெஞ்சறான் சார்."

"நான் ரேடியோவ அணைச்சுட்டேன். மொத தடவையே முடிஞ்சிபோச்சி. அதப் போயி கஷ்டம்னு சொல்றீங்களே!"

பாய் ஒருமுறை கனைத்துக்கொண்டார். பிறகு, "நீங்க முடிப்பீங்க சார்," என்றார். அந்தக் குரல் கண்ணாயிரத்துக்குப் பிடிக்கவில்லை. "ரேடியோவ போட்டுக்கினு ஒரு தடவ ஆடுங்க. அப்பால சொல்லுங்க எது கஷ்டம்னு. நான் அசர் தொழுதுட்டு வர்றேன்."

பாய் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று கண்ணாயிரத்துக்குத் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய ஒரே மகள் ஷோபனா, வேற்றுச் சாதிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு வேலூருக்குப் போய்விட்டாள். ஏழு தலைமுறையாகப் புதூர்நாட்டில் வழக்குத் தீர்த்த குடும்பம். வாசலில் வந்து நிற்பவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசிய வீடு. கண்ணாயிரம் அழவில்லை, அரிவாளையும் எடுக்கவில்லை. தலைமுழுகினார். மொட்டை போட்டு, பதினாறாம் நாள் ஊரைக் கூட்டிக் கருமாதி செய்தார். உயிரோடு இருப்பவளுக்கு வைத்த பிண்டத்தைக் காக்கை தொடாது என்று கிழவர்கள் காத்திருந்தார்கள். முதல் கூப்பாட்டுக்கே காக்கை வந்து எடுத்தது. அவர் செய்தது தவறென்று அந்த மலையில் ஒருவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெயர் அவர் வீட்டில் ஒலித்ததில்லை.

இருபத்திரண்டைத் திறந்தார். ரேடியோவைப் போட்டார்.

கறுப்புத் திரையில் நட்சத்திரங்கள் மெதுவாகச் சரிந்தன. தூரத்தில் அந்தக் கலம், மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிய, கயிற்றின் நுனியில் சுழன்றது. ஓர் ஆங்கிலக்காரனின் குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்து, ஓர் எண்ணின் பாதியில் நின்றது. பின்னால் இருந்த மூச்சு முன்னுக்கு வந்தது. அதே சீழ்க்கை. சிறுவயதில் மூட்ட நாட்களிலெல்லாம் ஷோபனாவுக்கு இரைப்பு வரும். விடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவர் உள்ளங்கைக்கு அந்த மூச்சு தெரிந்தது.

திரையின் மூலையில் அந்தக் கலத்தின் காற்று இன்னும் பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது.

"அப்பா."

கண்ணாயிரத்தின் விரல்கள் விசைகளின்மேல் அப்படியே நின்றன. இந்த விளையாட்டில் தமிழ் கிடையாது.

"இன்னாப்பா ஒரே மூட்டமா கீது. ஒண்ணும் தெரியல."

கயிறு இறுகியது. இரும்பு முனகும் சத்தம் நாற்காலி வழியாக அவர் இடுப்பில் ஏறியது. பச்சைக்கிளையை முறித்த வாசனை அறைக்குள் வந்தது. பெட்ரோல் வாசனை. ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடி சாத்தித்தான் இருந்தது.

கைபேசி அடித்தது.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி எடுத்தார்.

"வாத்தியாரே, ஜீப்பு ஓட்ற மாதையன் பேசறேன். ஏழாவது வளைவுல ஒரு ஜீப்பு சறுக்கி, மரத்துல மாட்டிக்கினு தொங்குது. உங்க டிராக்டரும் சங்கிலியும் இருந்தா இழுத்துர்லாம். சீக்கிரம் எடுத்துக்கினு வாங்க."

"யாரு வண்டி?"

மாதையன் தயங்கினான். "உள்ள ஷோபனா கீது வாத்தியாரே. டிரைவரு குதிச்சிட்டான். அதுக்குக் காலு மாட்டிக்கிச்சி. அம்மாவ பாக்க வந்துதாம். உங்க வூட்டம்மாவும் இங்கதான் கீறாங்க."

சந்தை. இன்று எந்தச் சந்தையும் இல்லை. இப்போதுதான் உறைத்தது.

"எனக்குப் பொண்ணு கெடையாது," என்றார்.

"வாத்தியாரே..."

"செத்து மூணு வருஷம் ஆச்சி. ஊரே வந்து சோறு தின்னுச்சி. நீயும்தான் தின்ன."

"ஊருக்குதான் செத்துச்சி! இங்க பேசிக்கினு கீது. மரம் தாங்காது வாத்தியாரே. இருங்க, போன அதுகிட்ட நீட்றேன்."

எழுந்தால் போதும். சாவி ஆணியில் தொங்கியது. ஏழாவது வளைவுக்குப் பத்து நிமிடம். ஆனால் அந்த டிராக்டர் வாசலைத் தாண்டினால் கருமாதி பொய். மொட்டை பொய். ஏழு தலைமுறை பொய்.

மூச்சு. சீழ்க்கை. ஒரு காதில் கைபேசி. மறு காதில் ஹெட்போன். இரண்டிலும் ஒரே குரல்.

"அப்பா. மூச்சு முட்டுது. சங்கிலி எட்த்தாப்பா."

திரையில் கயிறு துடித்தது. காற்று மூன்று நிமிடம். கயிற்றை வெட்டும் சிவப்பு விசை. அவர் விரல் அதன்மேல் இருந்தது.

"நீ செத்து மூணு வருஷம் ஆச்சி," என்றார்.

அழுத்தினார்.

"சரிப்பா."

இரண்டு காதிலும் மூச்சு நின்றது.

மிஷன் வெற்றி, என்றது திரை.

ஹெட்போனைக் கழற்றி வைத்து, மடிக்கணினியை மூடினார். பிறகு வேறொரு நினைப்பு வந்து குத்தியது. இந்த வீட்டில் பிறந்த உடம்பு நடுரோட்டில் கிடக்கும். பஸ்ஸில் வருகிறவனெல்லாம் இறங்கிப் படம் பிடிப்பான். அது ஆகாது. துண்டை உதறித் தோளில் போட்டார். சங்கிலியை டிராக்டரில் ஏற்றினார்.

ஏழாவது வளைவில் ஒரு பஸ் நின்றிருந்தது. முப்பது பேர் சாலையோரம் நின்றார்கள். யார் கையிலும் கைபேசி இல்லை. மாதையன் மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாயிரம் சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். வாங்க ஒருவரும் வரவில்லை. வழி மட்டும் விட்டார்கள்.

ஜீப் மரத்தில் சாய்ந்திருந்தது. மரம் முறியவில்லை. மங்கம்மாள் பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, உடைந்த ஜன்னலுக்குள் ஒரு கையை விட்டிருந்தாள்.

"வா," என்றார். "போதும். வா."

அவள் திரும்பவில்லை.

"இவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தா. சூடா இருந்தா. 'சரிப்பா'ன்னா." அவள் குரலில் அழுகை இல்லை. "நீ இன்னா சொன்ன அவகிட்ட?"

கிட்டே போனார். ரத்த வாடை இல்லை. வெகுநாள் கழித்துத் தோண்டிய மண்ணின் வாடை.

இருக்கையில் புதுச்சேலை. கசங்காத மஞ்சள். கொத்துக் கூந்தலில் காலையில் வைத்த மல்லிகை, வாடாமல். சேலைக்குள் எலும்பு. காய்ந்து பழுப்பேறிய எலும்பு. விலா இடுக்குகளில் கோரை வேர் பின்னியிருந்தது. கண்குழிகளில் மண். திறந்த வாய்க்குள்ளும் மண். மூன்று மழைக்காலம் கண்ட மண்.

கண்ணாயிரம் மனைவியின் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் வந்தாள். கை வரவில்லை.

ஐந்து எலும்பு விரல்கள் மங்கம்மாளின் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறுகின.